தியான வகுப்பில் அப்பா விட்ட குறட்டை

வானவடி, பூனா

அன்பு மகள் கரோலினுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அம்மாவும் நல்ல சுகம், அந்தக் கனடாக் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஜெபம். போனில் சொல்ல ஆரம்பித்தால் சிரிப்பில் பாதியிலேயே நின்றுவிடும், அதனால்தான் கடிதம். உனக்குத் தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும், பரவாயில்லை, எழுத்துக்கூட்டிப் படி.

விஷயம் இதுதான். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பரீட்சைப் பயத்தில் தூக்கமில்லை, படித்தது மனதில் நிற்பதில்லை என்று எங்கள் பிரின்சிபால் மேடம் தினமும் காலையில் தியான வகுப்பு எடுக்கச் சொல்லிவிட்டார்கள். யாரை? பி.டி. மாஸ்டரான என்னை! அம்மாவிடம் சொன்னதும், "நீங்களா? பிரசங்கத்துல கண்ண மூடினாலே தூங்கிருவீங்களே" என்று தோசைக்கரண்டியோடு சிரித்தாள். முதல் நாள், கண்ணை மூடு, மூச்சைக் கவனி என்று நான் இந்தியில் போட்ட பரேடு சத்தத்தில் முன்பெஞ்சு அதிர்ந்தது, பின்பெஞ்சு சிரித்தது. பக்கத்துக் கட்டடத்தில் குக்கர் விசில் அடித்தால் போதும், வகுப்பே காலி. இப்படியே கூத்தாக நாள் போனது. ஒரு நாள் நானும் அவர்களோடு உட்கார்ந்து கண்ணை மூடினேன், அம்மா சொன்னது பலித்துவிட்டது. விழித்துப் பார்த்தால் அத்தனை பிள்ளைகளும் அசையாமல் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார்கள்! எனக்கு வெட்கத்தில் வேர்த்துவிட்டது. ஹர்ஷா என்று ஒரு பெண், ஏரவாடாவிலிருந்து வரும் நம் தமிழ்ப் பிள்ளை, பரீட்சை என்றாலே வாந்தி எடுப்பாள், அரையாண்டில் கணக்குத் தாளை வெறுமையாகவே கொடுத்தவள், யாரிடமும் வாய் திறக்கமாட்டாள். அவள் மெதுவாக என்னிடம் வந்து, "ஸர், நீங்க கொறட்டை விட்டீங்கல்ல, அத கேட்டுக்கிட்டே நானும் மூச்சு விட்டேன், பயம் கம்மியாச்சு. நாளைக்கும் விடுங்க ஸர்" என்றாள். பாராட்டா கேலியா என்றே தெரியவில்லை. ஆனாலும் மறுநாள் முதல் தூங்காமலே மெல்லக் குறட்டை விட்டேன், வகுப்பே அந்தத் தாளத்துக்கு மூச்சை இழுத்து விட்டது. இந்த வகுப்புக்காக எனக்குத் தியானப் பயிற்சி கொடுத்தவர்கள் கேட்டால் மயங்கி விழுவார்கள்.

போன வாரம் போர்டு பரீட்சைக்கு முன்னால் பள்ளியிலேயே வைக்கும் ப்ரிலிமில் கணக்குப் பரீட்சை, ஹாலில் நான்தான் காவல். இந்தத் தடவையும் பெயிலானால் போர்டு பரீட்சைக்கே போகமாட்டேன் என்று ஹர்ஷா வீட்டில் சொல்லியிருந்தாளாம். கேள்வித்தாளைப் பார்த்ததும் அவள் பேனா கீழே விழுந்தது, முகம் வெளிறி வாசலையே பார்த்தாள். நான் பேசவும் கூடாது, பக்கத்தில் போகவும் கூடாது. வேறு வழி தெரியாமல் நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி ஒரு குறட்டை விட்டேன். ஹாலே குலுங்கியது, ஹர்ஷாவும் சிரித்தாள், அப்புறம் கண்ணை மூடி நிதானமாக மூச்சு விட்டுவிட்டுக் குனிந்து எழுத ஆரம்பித்தாள்! அந்த நேரம் பார்த்து வாசலில் பிரின்சிபால் மேடம். ஆபிரகாம் ஸர், தூங்குகிறீர்களா என்றார்கள். எழுதுகிற பிள்ளையைக் காட்டிக்கொடுக்க மனம் வராமல், ஆமாம் மேடம் என்று சொல்லிவிட்டேன். மெமோ வந்தது, அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மறுநாள் மேடம் கூப்பிட்டார்கள் என்று பயந்துகொண்டே போனால், உள்ளே ஹர்ஷா நிற்கிறாள். அந்தப் பிள்ளை தானாகக் கதவைத் தட்டி உள்ளே போய், ஸர் தூங்கவில்லை, எனக்காகச் செய்தார் என்று எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். மேடம் மெமோவைக் கிழித்துப் போட்டுவிட்டு, எங்கே, ஒரு தடவை விட்டுக் காட்டுங்கள் என்றார்கள். விட்டேன். மேஜையில் தலை கவிழ்ந்து சிரித்தார்கள்.

நேற்றுத் தாள் கொடுத்தார்கள், ஹர்ஷா பாஸ்! தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிரவுண்டைச் சுற்றி ஓடினாள். நானும் கூடவே ஓடினேன் கண்ணு, இன்றைக்கு முட்டி மடங்கவில்லை.

அடுத்த மாதம் உனக்கு நர்சிங் பரீட்சை. காபியிலேயே உயிர் வாழாதே, வயிறாரச் சாப்பிடு, பயம் வந்தால் கொஞ்சம் கண்ணை மூடி மூச்சைக் கவனி, பயம் வருவதில் வெட்கமில்லை. இயேசப்பா உன் பக்கத்து நாற்காலியில் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் பண்ணு. அம்மா காலையிலிருந்தே போனைக் கையை விட்டு இறக்கமாட்டாள். நான் அப்படியில்லை என்று சொல்வேன், நம்பாதே.

முத்தங்களோடு,
உன் அப்பா
ஆபிரகாம்