இன்னும் பெயர் வைக்கவில்லை

நேற்று தங்கையோடு, அவளுடைய ஒன்பது நாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஹடப்சர் தடுப்பூசி மையத்துக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும் ஸ்பிரிட் வாசனை. நீ உலகத்தை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிவிட்டது, ஆனாலும் நர்சு மேஜையில் உன்னைத்தான் தேடினேன்.

கோவையிலிருந்து இந்த மராட்டிய நகரத்துக்கு வந்த புதிதில் எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. குடிசைப் பகுதிக் குழந்தைகளின் தடுப்பூசி விவரத்தைக் கையடக்கக் கணினியில் ஏற்றும் திட்டம். பணம் வெளிநாட்டிலிருந்து வந்தது. புரோகிராம் எழுதியது நான். வீடு வீடாகப் போய்ப் பதிந்தது நீ. கட்கி தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்த உன் தமிழைக் கேட்டு நான் சிரிப்பேன், என் இந்தியைக் கேட்டு நீ.

பெயர் இல்லாமல் பதிவு ஏறாதபடி செய்திருந்தேன். இங்கே பன்னிரண்டாம் நாள்தான் பெயர் வைக்கிறார்கள். எங்கள் ஊரிலும் உடனே வைப்பதில்லை. ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்ததும் அது மறந்துபோனது. நீ வேறு வழியின்றி எல்லாருக்கும் ‘பேபி’ என்று அடித்தாய். ஒரே தெருவில் ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் ஒன்றை அழித்துவிடும்படி நான் எழுதி வைத்திருந்தேன். தெருவுக்கு ஒரு பேபிதான் மிஞ்சியது.

அடுத்த ஊசிக்கான பட்டியலைப் பார்த்துவிட்டு நீ வந்து நின்றாய். “அரே, இந்த கல்லில, இந்த ஒரே தெருவுல, நானே பதினோரு கொழந்தைய பாத்தேன். உன் டப்பால ஒண்ணுதான் இருக்கு.”

நான் அழுதேன். உன்னிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். நர்சு தவறாகப் பதிந்துவிட்டார் என்று அதிகாரியிடம் சொல்லிவிடலாமா என்று அப்போது யோசித்தேன்.

“அழுவாதப்பா. மொதல்ல ஊசி போடலாம், திட்டு வாங்குறத அப்புறம் பாக்கலாம். சலோ” என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய்.

மூன்று நாள் மழையில் தெருத் தெருவாக நடந்தோம். ஆடு கட்டிய வீடு, நீலக் கதவு வீடு என்று எல்லாம் உன் தலைக்குள் இருந்தன. ஒரு வீடு மட்டும் பூட்டியிருந்தது. வேலை தேடி, தொழிற்சாலைகள் இருக்கும் சாகணுக்குப் போய்விட்டார்களாம். ஞாயிற்றுக்கிழமை பஸ் மாறி மாறிப் போய் அந்தக் குழந்தையையும் கண்டுபிடித்துவிட்டாய்.

அடுத்த ஆய்வுக் கூட்டத்தில் அதிகாரி யார் தப்பு என்று கேட்டார். “அவ கேக்கல சாப், நான் சொல்லல” என்று இந்தியில் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாய். நான் தலை நிமிரவில்லை.

பிறகு வெளிநாட்டுப் பணம் நின்றது, கருவிகளைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். மையத்தின் பழைய கணினியில் புரோகிராமை ஏற்றித் தரச் சொல்லி நச்சரித்தாய். புதிதாக வந்த நர்சுகளை ஒவ்வொரு சனிக்கிழமையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பழக்கினாய். அதனால்தான் அது பிழைத்தது, என் கெட்டிக்காரத்தனத்தால் இல்லை.

நேற்று மேஜையில் இருந்த நர்சு, குழந்தையின் பெயரைக் கேட்டாள். தங்கை விழித்தாள். அந்தப் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ‘இன்னும் பெயர் வைக்கவில்லை’ என்ற இடத்தை அமுக்கிவிட்டு, அம்மா பெயரையும் வீட்டு அடையாளத்தையும் கேட்டாள். நீ என்னிடம் சொல்லிச் சேர்க்க வைத்த வரி அது.

“அடுத்த ஊசிக்குக் கூப்பிடுவோம்” என்றாள். தங்கைக்கு நம்பிக்கை வரவில்லை. கூப்பிடாவிட்டால் வீடு தேடி வருவார்கள் என்று நான் சொன்னேன்.