இடது இடுப்புக்கு ஓர் உறை

ஒரு கேள்விக்கும் நேராகப் பதில் சொல்லாத என் அன்பு அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஐந்து மாதமாகிறது. உங்களிடம் கேட்க வேண்டியதையெல்லாம் ஒரு கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வந்தேன். கொப்பி நிறைந்துவிட்டது. பாணுக்கு நிற்பதுபோல நீண்ட வரிசையில் நின்று வாங்கின புதுக் கொப்பி அது, தெரியுமா?

வகுப்புக் கையெழுத்துப் பத்திரிகைக்கு, மறைந்த ஒருவருக்குக் கடிதம் எழுதச் சொன்னார் தமிழ் டீச்சர். மற்றப் பிள்ளைகள் பெரிய பெரிய தலைவர்களுக்கு எழுதுகிறார்கள். எனக்குத் தலைவர்களோடு ஒரு சண்டையும் இல்லை. உங்களோடுதான் இருக்கிறது.

சண்டை உங்கள் கவ்வாத்துக் கத்தியைப் பற்றியது. வளர்ந்த தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி இறக்குகிற, நுனி வளைந்த அந்தக் கத்தியை எத்தனையோ வருடம் படங்குச் சாக்குத் துண்டில் சுற்றி, அக்குளில் இடுக்கிக்கொண்டு மலை ஏறினீர்கள். உறை ஒன்று தைக்கச் சொல்லி அம்மா கேட்கும்போதெல்லாம் என்ன சொன்னீங்க? "கத்திக்கு எதுக்குடி சட்டை? எனக்கே ஒண்ணுதான் இருக்கு." எல்லாரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பெல்லாம் சேர்ந்து இப்போது என் தலையில் விடிந்திருக்கிறது.

அண்ணனை உங்கள் இடத்துக்கு எடுத்திருக்கிறார்கள். ஆனால் பெயரை உடனே பதியவில்லை. கவ்வாத்தில் இரண்டு வாரம் நின்று காட்ட வேண்டும் என்றார்கள். சரியாக வெட்டினால் செக்ரோலில், தோட்டத்து ஆள் பதிவில், பெயர் ஏறும். இல்லாவிட்டால் புல்லு வெட்ட அனுப்புவார்கள், அதுவும் வேலை இருக்கிற நாளில் மட்டும். அப்படி ஆனால் நான் பள்ளிக்கூடத்தை விட்டுக் கொழுந்து பறிக்கப் போகவேண்டும். இதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கொழுந்து பறிக்கிறவர்கள் இடுப்பில் கட்டுகிற படங்கு ஒன்றை அம்மா என் அளவுக்குத் துவைத்துக் காயப்போட்டிருந்தார். அவ்வளவுதான்.

அதற்கு நடுவில் புதுச் சட்டம் வந்தது. பக்கத்துத் தோட்டத்தில் ஒருவர் வழுக்கி விழுந்து தன் கத்தியாலேயே தொடையைக் கிழித்துக்கொண்டாராம். உறை இல்லாத கத்தியோடு யாரும் மலையில் கால் வைக்கக் கூடாது என்று மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா, காலையில் ஆள் கணக்கு எடுக்கிற பெரட்டில் சொல்லிவிட்டார்.

அப்பா, நம் லயத்து வீடுகளில் இத்தனை உறை நிபுணர்கள் இருந்தது உங்களுக்குத் தெரியுமா? பழைய கம்பூட்ஸை வெட்டித் தைத்தால் மழைக்குத் தாங்கும் என்றார் ஒருவர். ரப்பருக்குள் இரும்பு வேர்த்துத் துருப்பிடிக்கும் என்றார் அடுத்தவர். மூங்கிலைப் பிளந்து கட்டு என்றார்கள். டயர் என்றார்கள். சித்தப்பா மட்டும், "தோல்தான். குதிரைச் சேணம் தைக்கிறவன் தைக்கணும். நுவரெலியாவுல எனக்குத் தெரிஞ்ச ஆளு இருக்கான்" என்றார். போய்ப் பார்த்தால் சித்தப்பாவுக்குத் தெரிந்தது குதிரைகளைத்தான். அந்த ஆளை அவர் முன்பின் பார்த்ததே இல்லை.

கந்தப்பளையிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். பந்தயத் திடலுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. சேணக்காரர் சிங்களவர், பாதித் தமிழ் பேசினார். "நீதான் புஸ்தகம் படிக்கிறவ, நீ பேசு" என்று என்னை உள்ளே தள்ளிவிட்டுச் சித்தப்பா குதிரை பார்க்கப் போய்விட்டார்.

இங்கேதான் நான் தவறு செய்தேன். நன்றாகக் கேளுங்கள், ஏனென்றால் பாதித் தவறு உங்களுடையது.

அவர் கத்தியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கமாக மட்டும் தீட்டியிருந்த வாயைக் கட்டைவிரலால் தடவினார். "வம் அத?" என்று தன் இடது கையைத் தூக்கிக் காட்டினார். கத்தியைப் பார்த்தே உங்களைக் கண்டுபிடித்துவிட்டாரே! மலையில் உங்களை 'நொட்டாங்கை' என்று கூப்பிட்டதையும், பக்கத்து ஆளுக்கு வெட்டு விழக்கூடாது என்று எப்போதும் ஓரத்து நிரையிலேயே உங்களை நிறுத்தியதையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

"யாருக்கு, துவ?" என்று கேட்டார். மகளே என்று அவர்கள் மொழியில் சொல்வது.

"அப்பாவுக்கு" என்றேன்.

பொய் சொல்ல நினைக்கவில்லை. வாயில் அதுதான் வந்தது. பிறகு அவர் கேட்டதெல்லாம் உங்களைப் பற்றியே. அப்பா உயரமா? நடக்கும்போது கையை வீசுவாரா? உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கும்போது கத்தியைக் கழற்றி வைப்பாரா? ஐந்து மாதமாக யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. வருகிறவர்கள் எல்லாரும் தலையைத் தடவி, "நல்ல மனுசன்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். இவர் உங்கள் இடுப்பளவைக் கேட்டார். உங்கள் இடுப்பு வாரில் நீங்கள் மாட்டுகிற ஓட்டை எனக்குத் தெரியும். சொன்னேன்.

"அவரையே ஒரு நாள் வரச் சொல்லு. ஆளைப் பார்த்துத் தைச்சா நல்லது" என்றார்.

"வேலை. வரமுடியாது" என்றேன்.

தடித்த தோலை எடுத்தார். கத்தியின் வாய் தையலை அறுக்காமல் இருக்க நடுவில் இன்னொரு தோல் பட்டை வைப்பதாகச் சொன்னார். மழை ஊர் என்பதால் தண்ணீர் வடிய நுனியில் ஓர் ஓட்டை. வார் கோர்க்கிற பட்டியை உறையின் எந்த முகத்தில் தைப்பது என்பதுதான் முக்கியம் என்றார். அது இடுப்பைத் தொடுகிற முகத்தில் இருக்க வேண்டும். உங்களுக்கு இடது இடுப்பு. நான் தலையாட்டினேன். படித்த பிள்ளை!

அடுத்த சனிக்கிழமை உறை கைக்கு வந்தது. அப்பா, அவ்வளவு அழகு! தேன் நிறம், அரிசி மணி அளவில் தையல். அண்ணன் உடனே இடுப்பில் கட்டப் பார்த்தான். அம்மா கையைத் தட்டிவிட்டார். "சாமிக்கு வைக்காம புதுச் சாமானத் தொடாதே. திங்கக்கெழம கும்புட்டுட்டுக் கட்டிக்க."

அந்த ஒரு பேச்சு போதும். வீட்டில் கட்டிப் பார்த்திருந்தால் வீட்டோடு போயிருக்கும்.

திங்கட்கிழமை காலை, வெட்டப் போகிற மலையின் அடியில் கவ்வாத்து சாமிக்குப் பூசை. சாமிக் கல்லின் முன்னால் எல்லாக் கத்திகளும் வரிசையாக இருந்தன. கங்காணி தேங்காய் உடைத்தார். பூசைப் பொங்கலுக்காக வந்த பிள்ளைகள், வேடிக்கை பார்க்க வந்த பொம்பளைகள், எல்லாரும் நின்றோம். ஒவ்வொருவராகப் போய்த் தன் கத்தியை எடுத்தார்கள். அண்ணன் முறை வந்தது. உறையை எடுத்து வாரில் கோர்த்து வலது பக்கம் கட்டினான். வளைவு பின்பக்கம் திரும்பி முதுகைக் குத்தியது. கழற்றித் திருப்பினான். பட்டி வெளிப்பக்கம் போய்விட்டது. மறுபடி கழற்றினான். நெற்றியில் வைத்த திருநீறு வியர்வையில் வழிந்தது.

"என்னடா, சீலை கட்டுறியா?" என்றார் யாரோ.

கங்காணி கிட்டே வந்து பார்த்தார். உறையைப் பிடுங்கி இடது பக்கம் வைத்தார். அச்சுப்போல உட்கார்ந்தது. "டேய், இது ஒன் இடுப்பு இல்லடா. ஒங்க அப்பன் இடுப்பு!"

மலையே சிரித்தது. பிறகு சட்டென்று நின்றது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

அது மட்டும் என்றால் பரவாயில்லை. அன்று மத்தியானம் அடுத்தது வந்தது. உங்கள் கத்தி இடது கைக்காகத் தீட்டினது அல்லவா? அண்ணனுடைய வலது கையில் அது சரிந்து, செடியின் வாதுகளைப் பிளந்தது. சாய்வாக ஒரே வெட்டில் விழவேண்டியது பட்டை உரிந்து தொங்கியது. "வெட்டுறியா, பல்லால கடிக்கிறியா?" என்று கங்காணி கத்தினாராம். வர்ற திங்கட்கிழமையும் இப்படி வெட்டினால் புல்லு வெட்டத்தான் என்று சொல்லி அனுப்பினார். உங்களுக்கு அது தெரியாமலா இருந்தது? 'இந்தக் கத்தி எனக்குத்தான் சரி, பிள்ளைக்கு ஆகாது' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

"வாயை மாத்தித் தீட்டணும்மா, வேற வழி இல்ல" என்றான் அண்ணன்.

நான் கத்தியை எடுத்து என் புத்தகப் பெட்டிக்குள் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். அப்பா தீட்டினதை யாரும் தொடக்கூடாது என்று கத்தினேன். வேறு கத்தி வாங்கட்டும், கடன் வாங்கட்டும், சித்தப்பாவின் குதிரையை விற்கட்டும் என்றேன்.

"எங்கிட்ட ஏதுடி குதிரை?" என்றார் சித்தப்பா பாவமாக.

அம்மா அடுப்பை விட்டுத் திரும்பவில்லை. "ஒங்க அப்பா கத்திய வெட்டுறதுக்கு வச்சிருந்தாரா, உறையில வைக்கிறதுக்கு வச்சிருந்தாரா? கேட்டுச் சொல்லு" என்றார்.

யாரிடம் கேட்பது? அதுதான் என் எரிச்சலே. கடைசியில் எழுந்து, பெட்டியைத் திறந்து கத்தியை அண்ணனிடம் நீட்டினேன்.

தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்துக் கல்லில் மூன்று சாயந்தரம் தீட்டினோம். அண்ணன் தேய்த்தான், நான் தண்ணீர் ஊற்றினேன். சாம்பல் நிறத்தில் சேறு வழிந்து தண்ணீர்க் கானில் போனது. கரைந்து போனது உங்கள் கை தீட்டின பக்கம். நான் பார்த்துக்கொண்டேதான் ஊற்றினேன். இந்தக் கடிதம் முழுவதும் இதைச் சொல்வதற்குத்தான், அப்பா. மற்றதெல்லாம் கோபத்தில் எழுதினது.

சனிக்கிழமை அண்ணனைக் கூட்டிக்கொண்டு சேணக்காரரிடம் போனேன். அவர் அண்ணனையும் உறையையும் மாறிமாறிப் பார்த்தார். "அப்பா எங்கே?" என்றார்.

"அப்பா இல்லை, மாத்தையா. நான் வந்தபோதும் இல்லை."

ஆறுதல் சொல்வார் என்று நினைத்தேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப ஏன் கை வீசுறதெல்லாம் சொன்ன? நான் அந்த ஆளை மனசுல வச்சுத் தைச்சேன்!" என்று ஊசியை மேசையில் குத்தினார். பிறகு அண்ணனை நடக்கச் சொன்னார், உட்காரச் சொன்னார், படியில் ஏறி இறங்கச் சொன்னார். பட்டியின் தையலைப் பிரித்து மறுமுகத்தில் வைத்துத் தைத்தார்.

பழைய தையல் போட்ட இடத்தில் இரண்டு வரிசைத் துளைகள் தெரிந்தன. அந்த முகம் இனி வெளிப்பக்கம். "தண்ணி போகும்" என்று மெழுகைத் தேய்த்து அடைத்தார். மேலே ஒரு துண்டுத் தோல் ஒட்டி மறைக்கவா என்று கேட்டார். வேண்டாம் என்று அண்ணன் எனக்கு முன்னால் சொல்லிவிட்டான்.

இந்தத் திங்கட்கிழமை கங்காணி ஒன்றும் சொல்லவில்லை. புதன்கிழமை ஒரு செடியைக் குனிந்து பார்த்துவிட்டு, "ம்" என்றாராம். நேற்றுப் பெயர் ஏறிவிட்டது. அண்ணன் நடு நிரையில் நிற்கிறான். ஓரத்து நிரைக்கு ஆளுக்கொரு நாள் போகிறார்கள், முணுமுணுத்துக்கொண்டு. எனக்கென்று துவைத்த அந்தப் படங்கை அம்மா மடித்துத் தன் தலையணைக்குள் திணித்துவிட்டார்.

அப்பா, உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி யாராவது யாருக்கு என்று கேட்டால், யார் சுமக்கப்போகிறார்களோ அவர்கள் பெயரைச் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த உறைக்கு எண்ணெய் போடுவது என் வேலை. துளைகள் இருக்கிற பக்கத்தில்தான் தொடங்குவேன்.

நீங்கள் 'வாத்திச்சி' என்று கேலி செய்த,
இன்னும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கிற,
உங்கள் மகள்
ஜெயா