நீ அனுப்பிய தண்ணீர்ப் பெட்டி

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம். அம்மாவும் நலம் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடத்தான் ஆசை, ஆனால் அது பொய், போனில் நீ கேட்டுக்கொண்டிருப்பதும் அதே பொய்தான். நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்ற சொல்லை நான் கூச்சப்படாமல் எழுதும் இடம் இது ஒன்றுதான். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் வந்தால் உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாள், நான் வாயைத் திறந்தால் முழங்கையால் ஒரு இடி. இடிப்பது இடது முழங்கையால். வலது கை மாவுக்கட்டில் இருக்கிறது. பதறாதே, மணிக்கட்டில் சின்ன எலும்புதான், கூடிவிடும் என்கிறார்கள். பாப்பாகிட்ட மூச்சு விடக்கூடாது, அவ அங்க தனியா கிடந்து தவிப்பா என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். சத்தியத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது என்பது அந்த நேரத்தில் அவளுக்கு மறந்துவிட்டது.

முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி. சில மாதங்களுக்கு முன்னால் அம்மா தன் கண்ணாடி சரியில்லை என்று ஆரம்பித்தாள். ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டுக்கொடுக்கிறீங்க, கட்டின பொண்டாட்டிக்கு மட்டும் மட்டமான லென்ஸா என்று கடைக்கே வந்து வாடிக்கையாளர் முன்னால் கேட்டாள். நான் துடைத்துக் கொடுத்தேன், ஃபிரேமை நிமிர்த்திக் கொடுத்தேன். மறுபடியும் வந்தாள், எதிர்ப்பக்கத்து மருந்துக்கடைப் பலகை புகையாகத் தெரிகிறது என்றாள். நாற்காலியில் உட்கார வைத்து எழுத்துப் பலகையைக் காட்டிப் பார்த்தால் தூரத்துப் பவர் ஒரேயடியாகத் தாவியிருக்கிறது. இந்த வயதில் கண் இப்படித் தாவாது. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் நீர் கோத்து வீங்கும், பார்வை இப்படி மாறும், இது என் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்ததுதான். சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா என்று கேட்டேன். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். எதுக்கு மாத்திரை, அதான் தண்ணி இருக்கே என்றாள். சர்க்கரையைக் குணமாக்கும் என்று நம்பி, சமையலறைக் குழாயில் மாட்டியிருக்கிறாளே, நீ அனுப்பிய அந்தப் பெட்டியின் தண்ணீர். அது வீட்டுக்கு வந்ததிலிருந்தே மாத்திரையை நிறுத்தியிருக்கிறாள்.

அன்றைக்கே டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். அந்தம்மா ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா மயக்கத்துலதான் தூக்கிட்டு வந்திருப்பீங்க என்று என்னைத் திட்டினார், அம்மாவை அல்ல. சர்க்கரை இறங்கி நிலைக்கும்வரை புதுக் கண்ணாடி போட வேண்டாம், மாத்திரையைத் தொடருங்கள் என்று சொல்லி அனுப்பினார். அம்மா பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டிவிட்டு வந்தாள். மறுவாரம் சமையலறை மேடைக்குக் கீழே குப்பைக் கூடையில் மாத்திரைகள் காய்கறித் தோலோடு கிடக்கின்றன.

பாப்பா, எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. அந்தப் பெட்டி கூடவே ஒரு சின்னப் புத்தகம் வந்ததே, அதை எடுத்து வரிவரியாகப் படித்தேன். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவன் கண்ணாடிக் குழாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், ஏறுகிற கோடும் இறங்குகிற கோடுமாக வரைபடங்கள், தண்ணீரின் மூலக்கூறுகளை ஒழுங்குபடுத்தி உடம்பின் நினைவைத் தட்டி எழுப்புமாம். எழுந்து என்ன செய்யுமாம், பல் தேய்க்குமா? உன் அம்மா நாற்பது வருஷமாகப் பிரார்த்தனை மண்டபத்துக்குப் போகிறாள், நான் வாசலில் ஸ்கூட்டரில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறேன், அதனால் எங்கள் வீட்டில் ஒரு குவளைகூட உடைந்ததில்லை. கடவுளை நம்புகிறவளோடு குடித்தனம் செய்ய எனக்குத் தெரியும். விஞ்ஞானம் என்று பெயர் போட்டுக்கொண்டு சமையலறைக் குழாயில் வந்து உட்கார்ந்துகொண்ட இந்த நீல விளக்கோடு எப்படிச் செய்வது என்றுதான் தெரியவில்லை.

அப்போதுதான் ஒரு வேலை செய்தேன். உன் சித்தி வந்திருந்தாள், அவள்தான் அந்தப் பெட்டியைப் பற்றி முதலில் அம்மாவுக்குச் சொன்ன புண்ணியவதி. அம்மா எப்போதும் சொல்வாள், பெட்டித் தண்ணி மெத்துனு இருக்கும், தொண்டையில இறங்கும்போதே தெரியும் என்று. சரி, கண்டுபிடி என்றேன். சித்தியை அடுக்களைக்குள் விட்டு, எதில் எது என்று எனக்கும் தெரியாமல் சில கோப்பைகளில் பெட்டித் தண்ணீரும் சிலவற்றில் வெறும் குழாய்த் தண்ணீரும் ஊற்றச் சொன்னேன். அம்மா ஒவ்வொன்றாகக் குடித்து, கண்ணை மூடி, ரசித்து, இதுதான் இதுதான் என்று எடுத்து வைத்தாள். பாதிக்கு மேல் குழாய்த் தண்ணீர். கடையில் நான் தினமும் பார்க்கிறதுதான். இதுல நல்லாத் தெரியுதா, அதுல நல்லாத் தெரியுதா என்று கேட்டுவிட்டு லென்ஸை மாற்றாமலே மறுபடி வைத்தால், ஆமா, இப்பத்தான் பளிச்சுனு இருக்கு என்பார்கள். அவர்கள் பொய்யர்கள் இல்லை, நன்றாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை. ஆனால் அன்றைக்கு உன் சித்தி சிரித்துவிட்டாள், நானும் சிரித்துவிட்டேன். அம்மா கோப்பைகளை எடுத்துக் கழுவிக் கவிழ்த்தாள், கையைத் துடைத்தாள். நீங்க ஜெயிச்சுட்டீங்க, சாப்பாடு மேஜையில இருக்கு, போட்டுக்கங்க என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகும் பெட்டித் தண்ணீரைத்தான் குடித்தாள், மாத்திரையைத் தொடவில்லை. நிரூபித்துவிட்டால் போதும் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு இது செருப்படி.

ஒரு நாள் காலையில் மாடிப்படி இறங்கும்போது கடைசிப் படி தெரியாமல் விழுந்துவிட்டாள். கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போதும் அந்தத் தண்ணீர்ப் பாட்டிலைத்தான் கேட்டாள்.

அன்று சாயங்காலம் நான் பிரார்த்தனை மண்டபத்துக்குள் போனேன். சிரிக்காதே. வெறும் பாய்கள் விரித்த பெரிய கூடம், ஒரு மின்விசிறி கடகடவென்று ஓடுகிறது, அங்கே பிரார்த்தனை நடத்துகிறாரே, நான் தாடிக்காரர் என்று கிண்டல் செய்வேனே, அவர் ஒற்றை ஆளாகப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நம் கடையில்தான் கண்ணாடி போடுகிறார். கடவுள் தூரத்தில் நன்றாகத் தெரிகிறார் போலிருக்கிறது, புத்தகம்தான் கிட்டத்தில் தெரிவதில்லை. என்ன, வழி தவறி உள்ள வந்துட்டீங்களா என்றார். விஷயத்தைச் சொன்னேன். நீங்கள் சொன்னால் கேட்பாள், மாத்திரை போடச் சொல்லிக் கடவுள் உங்களுக்கு உணர்த்தியதாகச் சொல்லிவிடுங்கள் என்று நான் கேட்டேன் பாப்பா, நான். அவர் தாடியைச் சொறிந்துகொண்டே, அது பொய்யாச்சேங்க, பொய் சொல்லி வைத்தியம் பண்றதுக்கு அந்தப் பொட்டி விக்கிறவனே போதுமே, நான் எதுக்கு என்றார். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஆனால் வந்தார். வீட்டில் டீ குடித்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து அம்மாவிடம் காட்டி, நானே இதைப் போட்டுட்டுதாம்மா மேடை ஏறுறேன், இல்லைன்னா பிரார்த்தனைக்கு நடுவுல நானே போய்ச் சேர்ந்துருவேன் என்றார். அம்மா சிரித்தாள். சிரித்தவள் சட்டென்று அழ ஆரம்பித்துவிட்டாள். அந்தப் பொட்டி பொய்யின்னா, என் பொண்ணு என்னை ஏமாத்தினான்னு ஆயிடுமே, அவ ஆராய்ச்சி பண்ற பொண்ணு, அவளுக்குத் தெரியாததா என்றாள். கோப்பைகளை வைத்து நான் தோற்கடித்தது தண்ணீரை இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

உன்மேல்தான் எனக்குக் கோபம். ஆய்வுக்கூடத்தில் ஒரு முடிவைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்காமல் வாயைத் திறக்காதவள் நீ. அம்மா கேட்டாள் என்பதற்காக வாங்கி அனுப்பினாய், இது நல்லது செய்யும் அம்மா என்று அட்டையில் எழுதியும் வைத்தாய். அம்மா குளிக்கப் போன நேரத்தில் நான் போனில் கத்தியபோது, விடுங்கப்பா, வெறும் தண்ணிதானே, கெடுதல் ஒண்ணும் இல்லையே என்றாய். அம்மா அந்த அட்டையைப் பெட்டிமேல் ஒட்டி வைத்திருக்கிறாள். புத்தகத்தில் இருக்கும் வெள்ளைக் கோட்டுக்காரனை அவள் நம்பவில்லை பாப்பா, உன் கையெழுத்தைத்தான் நம்பினாள்.

இப்போது மாத்திரை போடுகிறாள், பெட்டித் தண்ணீரை ஊற்றித்தான் விழுங்குகிறாள், சர்க்கரை நன்றாக இறங்கியிருக்கிறது. அதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதத்தையே எழுதியிருக்கமாட்டேன். இறங்கியதற்குக் காரணம் பெட்டி என்று மாடிவீட்டுத் தையல்காரரிடம் சொல்லியிருக்கிறாள். அந்த மனிதருக்கு ரத்த அழுத்தம், மாத்திரை தலைசுற்றலாக இருக்கிறது, நிறுத்திவிடலாம் என்று பார்க்கிறாராம். அவருக்கும் ஒன்று அனுப்பச் சொல்லி இந்த ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் கேட்கப்போகிறாள். நான் தடுத்தால் மறுபடியும் ஜெயிக்கப் பார்க்கிறேன் என்பாள். நீதான் சொல்ல வேண்டும். தெரியாமல் அனுப்பிவிட்டேன் என்று சொல்லாதே, அது இன்னொரு பொய். எனக்குத் தெரியும்மா, அது வெறும் தண்ணிதான், நீ ஆசைப்பட்டியேன்னு அனுப்பினேன், தப்புப் பண்ணிட்டேன் என்று சொல். வரைபடம், மூலக்கூறு என்று பாடம் எடுக்காதே. உன் அம்மா அழுவாள். அழுது முடிக்கும்வரை லைனிலேயே இரு, போனை வைத்துவிடாதே.

நீயும் வெறும் வயிற்றில் ஒரு தடவை ரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொள், இந்த நோய் குடும்பத்தில் இறங்கும். நேரத்துக்குச் சாப்பிடு. யார் பெயரைச் சொல்லி வாழ்த்துவது என்று எனக்குத் தெரியாது, என் பெயரிலேயே வாழ்த்துகிறேன், நல்லா இரு பாப்பா. அம்மாவின் பிரார்த்தனையும் உனக்கு உண்டு, அதையும் சேர்த்துக்கொள்.

கோபமும் பாசமுமாக,
உன் அப்பா