மூடியின் மறுமுனை

ஒடில்,

நீச்சல் குளத்தைக் குளிர்காலத்துக்கு மூடிவிட்டேன். தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு வீட்டை விற்கச் சொன்னாயே, பனி கொட்டும் இந்தக் கியூபெக்கில் பிறந்தவள் பேசும் பேச்சா அது? காலிக் குளத்தை நிலத்தடி நீர் படகு மாதிரி மேலே தூக்கிவிடும். நான் ஒரு முழம்தான் இறக்கினேன். குழாய்களில் தண்ணீர் உறைந்து வெடிக்காமலிருக்கக் காற்றை ஊதி, ரப்பர் அடைப்பான்களை நானே திருகினேன். நடுவில் மூன்று முறை களைத்து உட்கார்ந்தேன். யாராவது உன்னிடம் போட்டுக்கொடுத்தால் நம்பு, உண்மைதான்.

பக்கத்து வீட்டு ரோலான் வேலிக்கு மேலே தலையை நீட்டினார்.

"உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை? அடுத்த வருஷம் யாரு குளிக்கப் போறா?"

"நான்தான். வந்து மூடியோட அந்த முனையைப் பிடிங்க."

தார்ப்பாய் மூடியின் முனையைப் பிடித்தார். காற்றில் என் கம்பளித் தொப்பி பறந்தது. முடி கொட்டிப்போன என் தலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன பாக்கறீங்க? உங்க தலையிலயும் ஒண்ணுமில்லையே!" என்றேன். மனிதர் சிரித்தே விட்டார்.

டாக்டர் சொன்னதை மறுபடி எனக்கு எழுதாதே. அவர் சொன்னபோது எதிரில் உட்கார்ந்திருந்தவள் நான்தான்.

மே மாதம் மூன்றாம் சனிக்கிழமை திறக்கிறேன். புது நாள்காட்டி இன்னும் வரவில்லை, அதனால் சமையலறைச் சுவரிலேயே எழுதிவிட்டேன். மூடியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். ஒரு முனை என்னுடையது, மறுமுனைக்கு நீ வா. துக்கத்துக்கு உடுத்தும் கறுப்பு உடையை அலமாரியிலேயே விட்டுவிட்டு, நீச்சல் உடையை எடுத்து வா.

அம்மா