காத்திருப்போர் பட்டியலில் உன் பெயர்

"மேடம், இவங்க உங்க கூட வந்தவங்களா?"

கடையில் நின்ற அந்தப் பெண் கேட்டது என்னை. நீ என் பக்கத்தில்தான் நின்றிருந்தாய். அவளுக்கும் உனக்கும் நடுவில் ஒரு கவுண்டரின் அகலம்தான் இருந்தது. உன்னைப் பற்றிய கேள்வி உன்னைத் தாண்டி என்னிடம் வந்தது. நானும் அதை வாங்கிக்கொண்டு பதில் சொன்னேன்.

இன்று காலையிலிருந்து என் முன்னால் இரண்டு வெள்ளைக் காகிதப் பட்டைகள் கிடக்கின்றன. பெரிய கடைகளில் சென்ட் தெளித்து முகரக் கொடுப்பார்களே, அந்த விரல் நீளப் பட்டைகள். ஒன்று பழையது. ஓரம் மடிந்து, வாசனையெல்லாம் போய், என் கைப்பையின் மணம்தான் இப்போது அதில் இருக்கிறது. மற்றொன்று நேற்று வாங்கி வந்தது. அது அறை முழுக்கப் பரவிக்கொண்டு என்னை விரட்டுகிறது. ஜன்னலைத் திறந்தேன், மூடினேன். காபியை ஆறவிட்டேன். இரண்டு முறை தெருமுனை வரை நடந்துவிட்டு வந்தேன். ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாமல்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

மந்தைவெளியில் நம் பள்ளிக்கு நீ ஆயாவாக வேலைக்கு வந்த முதல் நாள், ஏழாம் வகுப்பு வாசலில் நின்று, "டீச்சர், இந்த சாக்பீஸ் பொட்டி உனுக்கா, பக்கத்து கிளாஸுக்கா?" என்று கேட்டாய். பிள்ளைகள் சிரித்தார்கள். ஆசிரியைகளிடம் மரியாதையாகப் பேச வேண்டும் என்று தலைமை ஆசிரியை உன்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "நீ சொன்னா சரிதாம்மா" என்று அவரிடமே சொல்லிவிட்டு வந்தாய்.

மணி அடிப்பது உன் வேலை. பாடம் முடியாத நாளில் நான் ஜன்னல் வழியாக ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவேன். சுத்தியலைக் கையில் பிடித்தபடியே நீ செருப்பு வார் அறுந்துபோனது மாதிரி குனிவாய். நிமிர ஒரு நிமிஷம் ஆகும். அதற்குள் நான் கடைசிக் கணக்கைப் போட்டு முடித்துவிடுவேன். இருபத்தாறு வருஷம் இந்தக் களவு நடந்தது. தலைமை ஆசிரியையின் கைக்கடிகாரம்தான் வேகமாக ஓடுகிறது என்று அவரையே நம்ப வைத்தாயே, அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

ஓய்வு பெற்ற பிறகுதான் நாம் நெருங்கினோம். கோட்டூர்புரத்து ஆற்றோரத்தில் இருந்த உன் வீட்டை அரசாங்கத்தில் இடித்துவிட்டு, ஊருக்கு வெளியே எட்டாவது மாடியில் ஒரு வீடு கொடுத்திருந்தார்கள். "காத்து நல்லா வருது டீச்சர். காத்து மட்டுந்தான் வருது, பஸ்ஸு வர மாட்டேங்குது" என்பாய். ஆனாலும் மாதத்தின் முதல் சனிக்கிழமை இரண்டு பஸ் மாறி மயிலாப்பூர் குளத்தருகே வந்து நிற்பாய். கீரை, வளையல், சில மாதம் தி. நகர் நெரிசல். எதையாவது வாங்குவோம், எதையும் வாங்காமலும் திரும்புவோம்.

ஆழ்வார்பேட்டை சிக்னலில் பஸ் நிற்கும்போதெல்லாம் அந்தக் கண்ணாடிக் கட்டடத்தை அண்ணாந்து பார்ப்பாய். தரைத் தளத்தில் சென்ட், துண்டு, போர்வை. அதற்கு மேலே துணிமணி, செருப்பு. எல்லாவற்றுக்கும் மேலே சாப்பாட்டுக் கூடம்.

"மேல குந்திக்கினு துன்றாங்க பாரு. அப்படி இன்னாதான் போடுறான் அங்க?"

"எனக்கும் தெரியாது."

"உனக்கே தெரியாதா? இன்னா டீச்சர் நீ!"

தை மாதம் முடிகிற சமயத்தில் ஒரு சனிக்கிழமை, கீரைக் கடைப் பக்கமே போகாமல் என் கையைப் பிடித்துக்கொண்டாய். "இன்னிக்கு அங்க போறோம். நான் வாங்கித் தரேன். நீ குறுக்க பேசாத." உன் பிரிவு உபசாரத்தில் நாங்கள் கொடுத்த கரும்பச்சைச் சேலையைக் கட்டியிருந்தாய். அதை நீ கட்டி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

உள்ளே போனதும் குளிர். நீ நேராகத் துண்டுகள் அடுக்கியிருந்த இடத்துக்குப் போய் ஒன்றில் கன்னத்தை வைத்தாய். "இத்த வச்சுத் தொடைக்கிறதா, தூங்குறதா?" அடுத்து சென்ட் கவுண்டர். யாரும் எதுவும் சொல்வதற்கு முன் ஒரு பாட்டிலை எடுத்துக் கழுத்தின் இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டாய். மூன்று தும்மல். "இத்தப் போட்டுக்கினு பஸ்ல ஏறுனா கண்டக்டர் எறக்கி வுட்டுருவான்!"

அங்கே நின்ற பெண் கெட்டவள் இல்லை. சிரித்த முகம்தான். உன் கையிலிருந்த பாட்டிலை மெதுவாக வாங்கி வைத்துவிட்டு, இரண்டு காகிதப் பட்டைகளில் தெளித்து நீட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பி அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

நான் சொன்னேன்: "ஆமாம்மா, என் கூட வந்தவங்கதான். கவலைப்படாதீங்க."

வகுப்பில் ஒன்றை விளக்க எப்போதும் உதாரணம் தேடுவேன். இதற்கும் ஒன்று இருக்கிறது. பிள்ளைகளை மியூசியத்துக்குச் சுற்றுலா அழைத்துப் போகும்போது, கண்ணாடிப் பெட்டியைத் தொட்ட பெண்ணைக் காட்டிக் காவலர் கேட்பார். "என் பிள்ளைதான் சார், நான் பாத்துக்கறேன்" என்போம். அது ஜாமீன். என் வயதுக்காரியான உனக்கு, பேரன் எடுத்த உனக்கு, ஒரு கடைக்குள் நான் ஜாமீன் கொடுத்தேன். யாரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை. கூட வந்தவங்களா என்றுதான் கேட்டாள். கவலைப்படாதீங்க என்று நானாகத்தான் சேர்த்தேன்.

நீ இரண்டு பட்டைகளையும் வாங்கிக்கொண்டாய். ஒரு பட்டையை உன் சுருக்குப் பையில் போட்டாய், மற்றதை என் கைப்பையில் திணித்தாய். நகரும் படிக்கட்டு என்றால் எனக்கு நடுக்கம் என்பது உனக்குத் தெரியும். "காலை வையி. கீழ பாக்காத, என்னப் பாரு" என்று முழங்கையைப் பிடித்து என்னை மேலே கொண்டுபோய்ச் சேர்த்தாய்.

சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில், பெயர்களைப் பதியும் தொடுதிரை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். "இப்போ டேபிள் எல்லாம் ஃபுல் மேடம். இருபது நிமிஷம் ஆகும். பேரு சொல்லுங்க, கூப்பிடுறோம்."

நான் வாயைத் திறந்தேன். நீ எனக்கு முன்னால் வந்து நின்றாய்.

"தேசம்மா. ரெண்டு பேரு."

சம்பளப் பதிவேட்டில் மாதம்தோறும் பார்த்த பெயர். ஒரு நாளும் அதைச் சொல்லி உன்னைக் கூப்பிட்டதில்லை. பள்ளி முழுக்க உனக்கு ஆயா என்றுதான் பெயர்.

அவர் விரலைத் திரைமேல் வைத்தபடி என்னைப் பார்த்தார். நான் சரி என்று சொல்ல வேண்டும் என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. நீ பார்த்துவிட்டாய்.

"இவங்க என் கூட வந்தவங்கதான். கவலைப்படாத நைனா."

அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். நீயும்தான் சிரித்தாய், ஆனால் முகத்தை என் பக்கம் திருப்பவில்லை.

இருபது நிமிஷம் சுவரோரத்து சோபாவில் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தோம். கீழே நடந்ததைப் பற்றிப் பேச அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. நான் உன் பேரனின் படிப்பைப் பற்றி விசாரித்தேன். நீ என் முட்டி வலியைப் பற்றி விசாரித்தாய். பிறகு அவர் வாசலில் நின்று உரக்கக் கூப்பிட்டார்: "தேசம்மா மேடம்! ரெண்டு பேர்!"

கூடத்தில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். நீ உடனே எழவில்லை. அந்தப் பெயர் அடங்கும்வரை காத்திருந்தாய். முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு முன்னால் நடந்தாய். நான் பின்னால் வந்தேன்.

சாதாரணத் தண்ணீரா, நுரைத்த தண்ணீரா என்று பரிமாறுகிறவர் கேட்டதற்கு, "சோடாவா? கோலி இருக்குமா?" என்றாய். ரொட்டித் துண்டின்மேல் பச்சையாக எதையோ தடவி, அதன் தலையில் ஒரு சின்ன இலையை நிறுத்தி வைத்திருந்தார்கள். "சட்னிய தடவிட்டு செடிய நட்டுக்கீறான் பாரு." காபிக் கோப்பையில் நுரையால் ஓர் இதயம் வரைந்திருந்தது. வெகுநேரம் அதைக் கலைக்காமல் வைத்திருந்தாய். "யாருக்குப் போட்டான் இத்த? நம்ம ரெண்டு பேருக்குமேவா?"

உன் பெயரை அப்போது சொல்லிவிட நினைத்தேன். நாக்கு நுனியில்தான் இருந்தது. வகுப்பறையில் நாற்பது பெயர்களைத் தடங்கலில்லாமல் படித்தவள் நான். வாயைத் திறந்தபோது வந்தது, "ஆயா, கேக் ஒண்ணு சொல்லட்டுமா?"

"சொல்லு டீச்சர்" என்றாய்.

பஸ் நிறுத்தத்தில் உன்னை ஏற்றிவிட்டேன். "அடுத்த மாசம் எங்க?" என்று ஜன்னலிலிருந்து கேட்டாய். அடுத்த மாதம் என் முட்டி இடம் கொடுக்கவில்லை. அதற்கடுத்த மாதம் உனக்குக் காய்ச்சல். நேரில்தான் பேச வேண்டும் என்று நானும் போனில் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சித்திரையில் உன் மகள் கூப்பிட்டாள். "டீச்சர், அம்மா பூட்டாங்க."

அன்று லிப்ட் வேலை செய்யவில்லை. எட்டு மாடியையும் நின்று நின்று ஏறினேன். நடைபாதை முழுக்கப் பெண்கள். அவர்களில் ஒருத்தி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு உன் மகளிடம் கேட்டாள்: "யாரும்மா இது?"

அதே கேள்வி. நான் படியேறிய மூச்சிரைப்போடு நின்றிருந்தேன், பள்ளியில் கூட வேலை பார்த்தவர் என்று சொல்வாள் என்று நினைத்தேன்.

"எங்கம்மாவோட ஃபிரெண்டு" என்றாள். யோசிக்கவேயில்லை. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "வூட்ல உங்கள டீச்சர்னு சொல்லவே சொல்லாது. 'என் ஃபிரெண்டப் பாக்கப் போறேன், சீக்கிரம் துன்னுட்டுக் கெளம்புங்க'ன்னு மொத சனிக்கெழம ஆனா எங்கள வெரட்டும்."

அன்றிலிருந்து ஐந்து மாதமாக அந்தக் கவுண்டர் முன்னாலேயே நின்றுகொண்டிருக்கிறேன். மந்தைவெளியில் நடக்கும்போதும், சாதத்தை இறக்கும்போதும், கோயில் வரிசையிலும் வேறு வேறு பதில்களைச் சொல்லிப் பார்க்கிறேன். "நாங்க ரெண்டு பேரும்தான் வந்திருக்கோம்." "அவங்களையே கேளுங்களேன்." "இவங்க என் ஃபிரெண்டு." எவ்வளவு சின்னப் பதில்கள்! ஒவ்வொன்றுக்கும் முழு மதிப்பெண் போடலாம். நீ எனக்காக எத்தனை நிமிஷங்களைத் தள்ளிக் கொடுத்தாய். அந்த ஒரு கேள்விக்கு நான் ஒரு நொடி எடுத்துக்கொள்ளவில்லை.

நேற்று தாங்க முடியாமல் கிளம்பிவிட்டேன். எதற்குப் போகிறோம் என்பது ஆட்டோவில் ஏறிய பிறகுதான் எனக்கே தெளிந்தது. அந்தப் பெண்ணைப் பார்த்து என் பதிலைத் திருத்த வேண்டும்.

அவள் இல்லை. அதே கவுண்டரில் வேறு ஒருத்தி நின்றாள். திரும்பிவிடலாம் என்று இருந்தது, கால் நகரவில்லை.

"சொல்லுங்க மேடம்."

"தை மாசம் இங்க வந்தேம்மா. என் ஃபிரெண்டோட. அவங்க பேரு தேசம்மா."

கடைக்கு வருகிறவர்கள் இப்படியா பேசுவார்கள்? ஆனாலும் அவள் முகம் மாறவில்லை. "சரிங்க மேடம். எந்த சென்ட் பாத்தாங்கன்னு ஞாபகம் இருக்கா?"

உருண்டையான பாட்டில், தேன் நிறம் என்றேன். தேடி எடுத்தாள். பட்டையில் தெளித்து, காற்றில் இரண்டு முறை ஆட்டி என் கையில் கொடுத்தாள்.

"இன்னிக்கு அவங்க வரலியா?"

"இல்லம்மா."

"இத அவங்க கிட்ட காட்டுங்க. புடிச்சிருந்தா கூட்டிட்டு வாங்க மேடம்."

தலையை ஆட்டிவிட்டு வந்தேன். மாடிக்குப் போகவில்லை. தேர்வு முடிந்து, தாள்களைக் கட்டி அனுப்பிய பிறகு, "டீச்சர், ஒண்ணு எழுத விட்டுப்போச்சு" என்று மூச்சிரைக்க ஓடி வந்து நிற்கும் பிள்ளைகளை எத்தனை முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன்! நேற்று நான் அப்படி நின்றேன். அவள் என்னைத் திருப்பி அனுப்பவில்லை, அவ்வளவுதான். ஆனால் திருத்தத்தைப் பார்த்து வாங்கிக்கொள்ள வேண்டியவள் நீ.

தேசம்மா, இந்தப் புதுப் பட்டையின் வாசனையும் ஒரு வாரத்தில் போய்விடும். உன் பெயர் இப்போது எனக்குத் தடங்கலில்லாமல் வருகிறது. இரண்டு வாசனைக்கும் நடுவில் உட்கார்ந்து அதைச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். பதில் சொல்ல நீ இல்லை.

படிக்கிறவர்களுக்கு ஒன்று. அடுத்த முறை யாருடனாவது ஒரு கடைக்குள் நுழையும்போது, யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே, பக்கத்தில் வருகிறவரை நாலு பேர் காதில் விழும்படி பெயர் சொல்லி ஒரு தரம் கூப்பிடுங்கள்.