பாட்டுக்கு நடுவில் பேசியது

செவ்வாய்க்கிழமை

இன்று சாயங்காலம் அந்தோணி அண்ணனின் மனைவி மேரி அண்ணி வீட்டுக்கு வந்திருந்தார். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் அண்ணனுக்குக் குரல்வளையை எடுத்து இருபது நாள் ஆகிறது. இனி அவரால் பேச முடியாது.

"பாட்டெல்லாம் என் போன்லயே இருக்குது தம்பி. அவரு சும்மா பேசுனது எதனா வச்சிருக்கிறியா?" என்று கேட்டார்.

தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பிவைத்தேன். தேட ஒன்றுமில்லை என்று எனக்கு அப்போதே தெரியும்.

போன கோடையில் இந்த அறையில்தான் அண்ணனின் ஒன்பது பாட்டையும் பதிவு செய்தேன். சன்னலுக்குப் போர்வை கட்டி, சத்தம் விழும் என்று ஃபேனையும் நிறுத்திவிடுவேன். பாட்டுக்கு நடுவில் அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு ஏதாவது பேசுவார். மல்லாட்டைக் கடலை விலை, அண்ணி வைத்த மீன் குழம்பு, விழுப்புரம் பஸ்ஸில் யாரோ போட்ட சண்டை. லேப்டாப்பில் இடமில்லை, புது ஹார்டு டிஸ்க் வாங்க வழியில்லை. பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை அழித்தேன். பெரிய ஸ்டூடியோக்காரன் நான்.

அண்ணி போனதும் ஒன்பது பாட்டையும் ஹெட்போனில் கேட்டேன். ஏழாவது பாட்டின் கடைசியில் வெட்ட மறந்த ஒரு துண்டு இருந்தது. அண்ணன் சிரித்துக்கொண்டே ஏதோ சொல்ல வாயெடுக்கிறார். உடனே என் குரல் குறுக்கே விழுகிறது.

"பேசாதண்ணே. ரெக்கார்டு ஓடிக்கினு இருக்குது."