மருந்து ஏற்றுகிறவர்

13.5.1984, ஞாயிறு

அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏறும் சைக்கிள் பந்தயத்தில் இந்த வருடமும் வெள்ளக்கடை சின்னான்தான் முதல். இரண்டாவதாக நான் பந்தயம் முடியும் ஒண்டிக்கடையை எட்டியபோது அவனுக்கு வேர்வையே காய்ந்திருந்தது. வேகத்துக்கு ஊசி போடுகிறான் என்று புகார் எழுதிப் பையில் வைத்திருந்தேன். கொடுக்குமுன் அவனிடமே கேட்டேன்.

"ஏனுங்க, மருந்து ஏத்தறீங்களா?"

"ஆமாங்க, தினமும் ஏத்தறனுங்க."

புகாரை எடுக்கப் பைக்குள் கை விட்டேன். "எவ்வளவுங்க?"

"ரெண்டு டின்னுங்க. எஸ்டேட்டுல காப்பிச் செடிக்கு அடிக்கிறதுக்கு. கேரியர்ல கட்டி, கீழிருந்து மிதிச்சே ஏத்தோணும். நொம்ப கனம். இன்னைக்கு வெறும் சைக்கிளுங்களா, அது பாட்டுக்குப் போயிருச்சு."

இருபது கொண்டை ஊசி வளைவுகள். தினமும்.

புகாரைக் கிழித்துவிட்டேன். கால் வலியில் தூக்கம் வரவில்லை. நாளை திங்கட்கிழமை. அவர் மருந்து ஏற்றுவார்.